நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்



தமிழ் நாட்டின் வரலாற்றைக் கற்பிக்கும்போது மன்னர்களைப் பற்றிப் பேசுகிறோம்; புலவர்களைப் பற்றிப் பேசுகிறோம்; விடுதலைக்குப் போராடிய தலைவர்களைப் பற்றிப் பேசுகிறோம். ஊர்தோறும் சென்று, விடிய விடிய விளக்கொளியில் நின்று, எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் இலக்கியச் சுவையை ஊட்டிய நாடகக் கலைஞர்களைப் பற்றிப் பேசுவது அரிது. அக்கலைஞர்களுள் தலைசிறந்த ஒருவரை, நடிகராகத் தொடங்கி ஆசிரியராக நிறைவெய்திய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளை, இன்றைய பேச்சின் பொருளாகக் கொள்கிறேன்.

சுவாமிகளின் இயற்பெயர் சங்கரன். 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் திகதி, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமோதரனார் தமிழறிவு மிக்கவர்; மகனுக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர், பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் இலக்கண இலக்கியங்களைப் பாடங் கேட்டார். உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர் அங்கு அவருடைய உடன்மாணாக்கர். இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப் பாடல்களும் இயற்றும் ஆற்றல் அவருக்குக் கைவந்தது.

புலமை வந்தது, ஆயினும் புலமை சோறு போடவில்லை. ஆதலால் தூத்துக்குடியில் உப்பு வணிக நிலையம் ஒன்றில் கணக்கராகச் சிலகாலம் பணியாற்றினார். மன்னார் வளைகுடாவின் அக்கரையில் தூத்துக்குடி. இக்கரையில் நான் வாழும் பள்ளிவாசல்துறையை உள்ளடக்கிய புத்தளக் கரை. இரண்டும் உப்பு விளையும் நிலங்கள். உப்பளத்துக் கணக்கு எத்தகையது என்பதை எங்கள் பக்கத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டையை எண்ணுவதும், எடையைப் பதிவதும், கூலியைக் கழிப்பதுமாக நாள் முழுவதும் கழியும். மனத்திலே சந்தம் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனுக்கு அது பொருந்துமா? பொருந்தவில்லை. 1891இல், தமது 24ஆம் வயதில், கணக்கேட்டை மூடி வைத்துவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அந்த முடிவின் துணிவை உணர வேண்டுமானால் அக்காலத்துச் சமூகத்தைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். நாடகத்தை விரும்பிப் பார்த்த மக்களே நாடகக்காரனைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்தார்கள். இரவிலே இராமனாகவும் அரிச்சந்திரனாகவும் கைகூப்பி வணங்கப்பட்டவன், பகலிலே வாடகைக்கு வீடு கேட்டால் கிடைப்பதில்லை; பெண் கேட்டால் கொடுப்பார் இல்லை. அதே 1891ஆம் ஆண்டிலேதான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கல்வியும் பதவியும் உடைய கனவான்கள் பொழுதுபோக்காக நடித்த சபை அது. வழக்கறிஞர் ஒருவர் மேடையேறினால் மேடைக்குப் பெருமை என்றார்கள். பிழைப்புக்காக மேடையேறியவருக்கோ அந்தப் பெருமை கிட்டவில்லை. சங்கரதாஸ் தேர்ந்துகொண்டது இந்த இரண்டாவது வழியை.

அவர் நடிகராகப் புகழ்பெற்ற வேடங்கள் யாவும் அச்சந்தரும் வேடங்கள்: இரணியன், இராவணன், எமன், சனீசுவரன். உரத்த குரல், கட்டான உடல், தங்கு தடையற்ற பாட்டு ஆகிய மூன்றும் அவருக்கு வாய்த்திருந்தன. அவர் வாழ்வின் திருப்பமாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. நளதமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்து முடித்தவர், விடியற்காலையில் வேடத்தைக் களையாமலே நீர்நிலைக்குச் சென்றாராம். அந்த உருவத்தைத் திடீரெனக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிரிழந்தாளாம். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகத் தோன்றியபோதும், பார்வையாளருள் இருந்த ஒரு பெண்ணுக்கு அச்சத்தால் கருச் சிதைந்ததாகக் கூறுவர். இச்செய்திகளிலே கற்பனை எவ்வளவு கலந்திருப்பினும், அவற்றின் பின்விளைவு வரலாறாகிவிட்டது. அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார். மேடையில் தோன்ற நேர்ந்தால் சூத்திரதாரராக மட்டுமே தோன்றினார். நாடகம் எழுதுவதிலும் நடிகரைப் பயிற்றுவதிலும் முழுமனத்துடன் இறங்கினார்.

இங்கே நாம் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கலாம். தன் நடிப்பின் வெற்றியையே மற்றோர் உயிருக்கு நேர்ந்த தீங்காகக் கண்டு, கைதட்டலைத் துறப்பது எளிய செயலன்று. பார்ப்பவரை நடுங்க வைப்பதே திறமை என்று அவர் இறுமாந்திருக்கலாம். கலைஞனுக்கும் காண்போர்மீது ஒரு கடப்பாடு உண்டு என்று அவர் முடிவு செய்தார்.

சில ஆண்டுகளில் உலகப் பற்றும் அவரை விட்டு நீங்கியது. திருத்தலங்கள் பலவற்றுக்கும் நடந்தார். அந்நாள் தொட்டே மக்கள் அவரைச் ‘சுவாமிகள்’ என அழைக்கலாயினர். இவ்வாறு திரிந்தவரைப் புதுக்கோட்டையிலே தம்மிடம் இருத்திக்கொண்டவர் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை. மகனைப் போலப் பேணினார். தாள நுணுக்கங்களை அவருக்குத் திறந்து காட்டினார். மிருதங்கத்திலும் கஞ்சிராவிலும் பெரும் பெயர் பெற்ற தட்சிணாமூர்த்திப் பிள்ளை வளர்ந்த இடமும் அதுவே. சுவாமிகளின் பாடல்களிலே சந்தம் ஒழுங்காக நடைபோடுவதன் மருமம் அந்தப் புதுக்கோட்டை வாசத்தில் இருக்கிறது. பழனியில் பெற்ற தமிழும் புதுக்கோட்டையில் பெற்ற தாளமும் ஒன்றுகூடியபோதுதான் நாடக ஆசிரியர் பிறந்தார்.

இனி, அவர் செய்த பணி யாது என்பதைக் காண்போம். அவருக்கு முன்னே தமிழகத்தில் தெருக்கூத்து இருந்தது; மராத்திய, பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் திரைச்சீலை கட்டி ஆடும் மேடை நாடகமும் வந்துவிட்டது. ஆயினும் மேடை நாடகத்திற்கு ஒழுங்கான ஏடு இல்லை. நடிகன் வாய்க்கு வந்ததைப் பேசுவான். நினைத்த பாட்டைப் பாடுவான். கதை எங்கோ சென்றுவிடும். சுவாமிகள் இந்தக் காட்டாற்றுக்குக் கரை கட்டினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், சதி சுலோசனா, சதி அனுசூயா, அபிமன்யு சுந்தரி முதலிய நாடகங்களை, பாட்டும் உரையாடலும் உரிய இடத்தில் அமையுமாறு எழுதிக் கொடுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்டவை அவர் இயற்றியவை என்பர். அவற்றுட் பல இன்று கிடைக்கவில்லை.

இந்நாடகங்களின் உட்கட்டு கவனிக்கத் தக்கது. கோவலன் கதையைச் சிலப்பதிகாரமே அறியாத ஒருவன் பார்க்கிறான். அவன் காதில் திருக்குறட் கருத்தும், சிலம்பின் சாயலும், சித்தர் பாடலின் தெளிவும் பாட்டாக விழுகின்றன. வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் தினைப்புனத்தில் நடத்தும் தருக்கம் புகழ்பெற்றது. அது வெறும் காதற் பேச்சன்று. சொல்லுக்குச் சொல் பொருள் கேட்கும் புலமைப் போட்டி. பள்ளிக்கூடம் போகாத உழவன் அத்தருக்கத்தைக் கேட்டுச் சொற்பொருளாராய்ச்சி செய்யப் பழகினான். பாடசாலைகள் எட்டாத இடத்தில் மேடை பாடசாலையாயிற்று என்று நான் சொல்வது மிகையாகாது.

மற்றொரு பயனும் விளைந்தது. அதனைச் சுவாமிகளே எதிர்பார்த்திருப்பாரோ என்பது ஐயம். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று தமிழகத்தில் வழங்கும் ஒரு முறை உண்டு. ஒரு நாடகத்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஹார்மோனியக்காரரும் மற்றும் ஓரிடத்திலிருந்து வருவர். ஒத்திகை கிடையாது, ஒருவரை ஒருவர் அன்று மாலைதான் சந்திப்பதும் உண்டு. இருந்தும் இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வள்ளி திருமணம் விடியும்வரை தடையின்றி நடக்கும். எப்படி? எல்லோர் நெஞ்சிலும் இருக்கும் பாடம் ஒன்றே. அது சுவாமிகள் வகுத்த பாடம். மதுரை, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் நாடகக் கலைஞர்கள் இன்றளவும் அப்பாடத்தைக் கொண்டே வாழ்க்கை நடத்துகின்றனர். ஒருவர் எழுதிய ஏடு நூறாண்டு கடந்தும் பல குடும்பங்களுக்குச் சோறளிக்கிறது.

1910ஆம் ஆண்டில் அவர் சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் பெயரில் ஒரு குழுவை நிறுவினார். செங்கோட்டையில் பிறந்து, பிற்காலத்தில் தமிழிசை உலகையே தம் குரலால் ஆட்கொண்ட எஸ். ஜி. கிட்டப்பா பயின்றது அச்சபையிலே. ஆனால் வளர்ந்த நடிகர்களை வைத்து நாடகம் நடத்துவதில் சுவாமிகளுக்கு மனக்கசப்பே மிஞ்சியது. பெயர் வந்ததும் செருக்கு வந்தது. பணம் வந்ததும் குடி வந்தது. குறித்த நேரத்திற்கு மேடைக்கு வாரார். கற்பித்த பாடத்தை மாற்றிப் பாடுவார். ஆதலால் இளஞ்சிறார்களைக் கொண்டே நாடகம் நடத்துவது என்னும் முறையில் அவர் கருத்தூன்றினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. சுவாமிகள் அதன் ஆசிரியரானார். அங்கு வந்து சேர்ந்த சிறுவர்களிலே டி. கே. எஸ். சகோதரர்களும் இருந்தனர். அவர்களுள் ஷண்முகத்திற்கு அப்போது வயது ஆறு.

பாலர் சபையின் அன்றாட வாழ்வு குருகுலம் போன்றது. விடியலில் எழுவதும், பாட்டுப் பயிற்சியும், வசனப் பயிற்சியும், உணவும், உறக்கமும் யாவும் சபையின் வீட்டிலேயே. அங்கே பாடம் ஏட்டிலிருந்து வருவதில்லை, ஆசிரியரின் நாவிலிருந்து வரும். எழுத்தறியாச் சிறுவனும் செவிவழியாக நூற்றுக்கணக்கான பாடல்களை நெஞ்சில் ஏற்றிக்கொள்வான். ஷண்முகத்திற்கு ஏற்ற தலைமை வேடம் ஒன்று தேவைப்பட்டபோது, அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தியை அம்மாணாக்கரே பிற்காலத்தில் தம் நினைவுகளில் பதிந்துவைத்தார். மாணவனின் குரலும் வயதும் இயல்பும் அறிந்து, அவனுக்கென்றே பாடத்தை ஆக்குவது நல்லாசிரியர் செயல். இக்காலக் கல்வி நூல்கள் எந்தக் கருத்தை நீண்ட அதிகாரங்களிலே விளக்குகின்றனவோ, அதனை ஒரு கிழவர் ஒரு விளக்கின் அடியில் ஓர் இரவில் செய்து காட்டினார்.

இவ்வளவு புகழ்ந்த பின், நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டுவது வரலாறு சொல்வோன் கடமையாகும். பாலர் சபைகளில் சேர்ந்த சிறுவர்கள் பெரும்பாலும் வறுமைக் குடும்பத்தினர். பெற்றோர் ஒப்பந்தம் செய்து விட்டுச் சென்றனர். இரவு முழுதும் கண்விழித்து நடிப்பதும், பிழை செய்தால் பிரம்படி படுவதும், தாயைக் காண ஏங்குவதும் அச்சிறார்களின் வாழ்வாயின. பொதுக்கல்வி அவர்களுக்குக் கிட்டவில்லை. அதனினும் கொடியது ஒன்றுண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். அதனை நாடகக்காரர் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை ராஜபார்ட்டாக விளங்கிய சிறுவன் மகரக்கட்டு வந்ததும் ஓரத்திலே நிற்கும் சேவகனாவான், அல்லது வீட்டிற்கு அனுப்பப்படுவான். தப்பிப் பிழைத்துப் பெரும்புகழ் எய்தியவர்களை நாம் அறிவோம், என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் ஆகியோர் யாவரும் சிறுவர் நாடகக் குழுக்களின் வார்ப்புகளே. பெயர் தெரியாமல் மறைந்த சிறார் எத்தனை பேர்? குழந்தையின் திறமையைக் கண்டெடுப்பதும் குழந்தையின் உழைப்பை உறிஞ்சுவதும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. சுவாமிகளின் அன்பு பெரிது. எனினும் அவர் பயன்படுத்திய அமைப்பு குறையுடையதே. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டால்தான் நாம் அவரைச் சரியாக மதித்தவர்களாவோம்.

1921இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் இயங்க மறுத்தன, நாவும் தளர்ந்தது. ஆயிரம் பாடல்களை ஓயாது சொல்லிக் கொடுத்த நா அது. அந்நிலையிலும் அவரைத் தம்முடன் ஊர் ஊராக அழைத்துச் சென்று பேணினர் சபையினர். 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் திகதி புதுச்சேரியில் அவர் மறைந்தார். அவ்வூர்க் கருவடிக்குப்பத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூத்தாடி என்று இகழப்பட்ட இனத்தின் ஆசான் பெயர் பல்கலைக்கழக வாயிலில் எழுதப்பட்டுள்ளது.

இவ்விடத்தில் உலகின் மறுகோடியில் வாழ்ந்த மற்றொருவரையும் நினைப்பது பொருந்தும். சுவாமிகள் பிறப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1864இல், கனடாவில் பிறந்தவர் ரிச்சர்ட் ஹாரிசன். அமெரிக்க நாட்டில் அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பினப் பெற்றோரின் மகன். புகைவண்டியில் ஏவலாளாகப் பணிபுரிந்தும், சேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை ஊர் ஊராகச் சென்று ஒப்புவித்தும் காலங் கழித்தார். கறுப்பினத்தவர் என்பதால் பெரிய அரங்குகளின் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. ஆகவே, வட கரோலினா மாநிலத்தில் கறுப்பின மாணவர் பயிலும் கல்லூரியில் நாடகம் கற்பித்தார். 1930இல், அறுபத்தைந்து வயதில், நியூயோர்க் நகரில் ‘பசும்புல்வெளிகள்’ எனப் பொருள்படும் நாடகத்தில் இறைவன் வேடம் அவரைத் தேடி வந்தது. இறைவனாக மனிதன் தோன்றுவது தகுமோ என்று முதலில் தயங்கினார், பின்னர் ஏற்றார், 1935இல் இறக்கும்வரை ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தடவை அவ்வேடத்தில் தோன்றினார். ஆயினும் 1933இல் அந்நாடகம் தலைநகர் வாஷிங்டனில் அரங்கேறியபோது, நடிகர் யாவரும் கறுப்பினத்தவராக இருந்தும், வழக்கமான காட்சிகளைக் காணக் கறுப்பின மக்களுக்கு இடமளிக்கப்படவில்லை. மேடையிலே இறைவனாக நிற்கலாம். கீழே இருக்கையிலே மனிதனாக அமர இயலாது.

ஒருவர் சனியாகவும் எமனாகவும் நடித்து அவ்வேடங்களைத் துறந்தார். மற்றவர் இறைவனாக நடித்து அவ்வேடத்தோடே மறைந்தார். நிறத்தால் இகழப்பட்டவர் ஒருவர். தொழிலால் இகழப்பட்டவர் ஒருவர். இருவரும் கைக்கொண்ட மருந்து ஒன்றே: கற்பித்தல். தமக்கு அடைக்கப்பட்ட கதவைத் தம் மாணாக்கர் திறப்பர் என்று நம்பினர்.

நம் இலங்கைக்கும் சுவாமிகளுக்கும் உள்ள உறவு சிறிதன்று. 1926இல் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் இணைந்து வள்ளி திருமணத்தில் நடித்தனர். அதன்பின் வாழ்விலும் இணைந்தனர். சுவாமிகள் மறைந்து நான்கே ஆண்டுகளில் அவருடைய நாடகமும் அவர் சபையில் பயின்ற மாணாக்கரும் இத்தீவினை வென்றுவிட்ட செய்தி அது. யாழ்ப்பாணத்திலே இசை நாடகம் வேர்கொண்டது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே அரிச்சந்திரனாகத் தோன்றி, மயான காண்டத்தில் மக்களைக் கண்ணீர் சிந்த வைத்தார். நடிப்பும் ஆசிரியமும் ஒருவரிடத்தே ஒன்றுபட்டதற்கு நம் நாட்டுச் சான்று அவர். கூத்துப் பயிற்றும் ஆசானை ‘அண்ணாவியார்’ என்று உறவும் மதிப்பும் கலந்து அழைப்பது நம் வழக்கம். எங்கள் புத்தளக் கரையிலே உடப்பு போன்ற ஊர்களில் விழாக்கால ஆடலும் பாடலும் தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகவே வந்திருக்கின்றன. அக்கரைச் சுவாமிகளும் இக்கரை அண்ணாவியாரும் செய்தது ஒரே தொண்டு.

இன்று நம் நாட்டுப் பாடசாலைகளிலே ‘நாடகமும் அரங்கியலும்’ பரீட்சைக்குரிய பாடமாக இருக்கிறது. இது பெரிய மாற்றம். ஆயினும், கெட்டிக்காரப் பிள்ளை அப்பாடத்தை எடுக்க விரும்பினால் முகம் சுளிக்கும் பெற்றோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். “கூத்துப் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கிறார்கள். 1891இல் சங்கரன் கேட்ட அதே கேள்வி. சொல் சிறிது மாறியிருக்கிறது, அவ்வளவே. பெற்றோரை நான் குறைகூறேன். பிள்ளையின் பிழைப்பைக் குறித்த அச்சம் அது. ஆனால் ஒன்று சொல்வேன். நாடகம் பயின்ற பிள்ளை நடிகனாக வேண்டியதில்லை. சபையிலே நாணமின்றிப் பேசவும், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ணவும், பலரோடு சேர்ந்து ஒரு செயலை முடிக்கவும் அவன் கற்றுக்கொள்கிறான். பாலர் சபை தர மறந்த பொதுக்கல்வியையும், பாலர் சபை தந்த கலைப் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ், அடியின்றி, அச்சமின்றி, தாயைப் பிரியாமலே கொடுக்கும் வாய்ப்பு இன்று நம் கைகளில் இருக்கிறது. சுவாமிகளுக்குக் கிட்டாத வாய்ப்பு அது.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பாடசாலையிலே பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள் என்று அழைப்பு வந்தால், தயவுசெய்து போங்கள், கடைசிவரை இருங்கள், அதனைப் பழக்கிய ஆசிரியரையும் ஒரு சொல் பாராட்டிவிட்டு வாருங்கள்.